சந்திரனில் வைத்த கண்ணாடி

சந்திர ஆராய்ச்சியில் நாடுகளின் கூட்டுறவு என்றவுடன், பல நாட்டுக் கொடிகளையுந் தாங்கிய பெருங்கலம் ஒன்றிற் பல மொழி பேசுவோர் ஒருங்கே ஏறிச் செல்லுங் காட்சியே பெரும்பாலார் உள்ளத்தில் எழும். அக்காட்சியை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், கடந்த நூற்றாண்டின் வரலாறு நமக்குப் பெரிதும் ஏமாற்றத்தையே தரும். 1969 ஆம் ஆண்டு தொடக்கம் 1972 ஆம் ஆண்டு வரையிற் சந்திரத் தரையில் நடந்த பன்னிருவரும் ஒரே நாட்டினர். அவர்களை அங்கே செலுத்திய விசையும் கூட்டுறவன்று, போட்டியே. இதனைக் கண்டு, வானத்தைப் பற்றிய மட்டில் நாடுகளின் நட்பு மேடைப் பேச்சளவில் நின்றுவிட்டது என முடிவு கட்டுவாரும் உளர். அம்முடிவு முற்றும் பொருந்தாது என்பதே எமது கருத்து. மேடையிற் பேசப்பட்ட பெருந்திட்டங்கள் பல நிறைவேறாதொழிந்தன என்பது மெய்யே. ஆயின், எவரும் அதிகம் பேசாத சிறு பொருள்கள் சில, ஒன்றையொன்று ஐயுற்று நின்ற நாடுகளையும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வேலையில் இணைத்து வந்துள்ளன. அவற்றுள் ஒன்று சந்திரனில் வைக்கப்பட்ட கண்ணாடி. அதன் வரலாற்றை இக்கட்டுரையிற் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

முதலிற் பெருந்திட்டம் ஒன்று பட்ட பாட்டைக் கூறிவிடுதல் நன்று. 1963 செப்டெம்பர் 20 ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றிய அமெரிக்க சனாதிபதி கெனடி, சந்திரனுக்கு மனிதர் செல்லும் முதற் பயணம் நாடுகளின் போட்டியாக இருப்பானேன், ஒரே ஆராய்ச்சியை இரு நாடுகளுந் தனித்தனியே செய்து பொருளை இரட்டிப்பாகச் செலவிடுவானேன் என்று வினவி, சோவியத்து நாட்டுடன் கூடிச் செல்லலாம் என்னுங் கருத்தை வெளியிட்டார். இரண்டு திங்கள் கழிந்ததும் அவர் கொலையுண்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்கக் காங்கிரசு, தன் இசைவின்றி வேறெந்த நாட்டுடனுங் கூட்டாகச் சந்திரனில் மனிதரை இறக்கும் முயற்சிக்கு அரசாங்கப் பணத்தைச் செலவிடலாகாது என ஒதுக்கீட்டுச் சட்டத்தில் விதித்துவிட்டது. கருத்து அவ்வளவில் அடங்கிற்று. அதன் பின்னர் 1967 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விண்வெளி உடன்படிக்கை, சந்திரனோ வேறெந்த வான்பொருளோ எந்த நாட்டுக்கும் உரிமையாகாது எனவும், அங்கே அணுப்படைக்கலங்களை வைத்தலாகாது எனவும் உரைத்தது. இது பெரும் பேறே. ஆயினும் ‘இன்னது செய்யற்க’ என்னும் விதி வேறு. கூடி ஒன்றைச் செய்தல் வேறு. கூடிச் செய்த வேலை எவ்வாறு தொடங்கிற்று என்பதை அறியக் கண்ணாடியிடமே செல்லல் வேண்டும்.

சாதாரண முகக்கண்ணாடி ஒன்றிற்கு நேரே நில்லாது சற்றுச் சாய்வாக நின்று கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், ஒளி மற்றைப் பக்கமாகத் தெறித்துச் செல்லும், நம்மிடம் மீளாது. அத்தகைய கண்ணாடியைச் சந்திரனில் வைத்துப் பயனில்லை. மூன்று கண்ணாடிகளை, அறையின் மூலையில் இரு சுவர்களும் நிலமும் சந்திப்பது போல, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இணைத்துவிட்டால் நிலைமை மாறிவிடும். அம்மூலையினுள் எத்திசையிலிருந்து ஒளி புகினும், மூன்று முகங்களிலும் மாறி மாறிப் பட்டு, வந்த திசையிலேயே திரும்பும். இரப்பர்ப் பந்தொன்றை அறையின் மூலையை நோக்கி விரைந்தெறிந்தால் அது எறிந்தவனை நாடியே வருவதை இளமையில் எவரும் கண்டிருப்பர். துவிச்சக்கர வண்டியின் பின்புறத்திற் பொருத்தியிருக்குஞ் சிவப்புத் துண்டும் இம்முறையிலேயே வேலை செய்கின்றது. அதனுள் நுண்ணிய மூலைகள் பல உள. அதனாலேயே பின்னால் வரும் மோட்டார் வண்டி எப்பக்கம் இருந்தாலும், அதன் விளக்கொளி அவ்வண்டியைச் செலுத்துபவன் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னே ஒருவன் செல்கின்றான் என எச்சரிக்கின்றது. மின்சாரமும் வேண்டா, கவனிப்பாரும் வேண்டா. சந்திரனில் வைத்த கண்ணாடியும் இவ்வண்டித் துண்டின் உடன்பிறப்பேயாம். நுண்மையாகக் கடைந்த படிகக் கண்ணாடி அரியங்களால் ஆயது என்பதே வேற்றுமை.

இலேசர் ஒளி கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுள்ளேயே, 1962 இல் அமெரிக்கரும் அதனையடுத்துக் கிரிமியாவிலிருந்து சோவியத்து அறிஞரும் வெறுஞ் சந்திரத் தரையின் மேல் அவ்வொளியைச் செலுத்தித் திரும்பி வந்த சிறு பகுதியைப் பற்றிவிட்டனர். ஆனாற் சந்திரத் தரை மேடு பள்ளம் நிறைந்தது; எம்மேட்டிற் பட்ட ஒளி வந்தது, எப்பள்ளத்திற் பட்ட ஒளி வந்தது எனப் பிரித்தறிய முடியாது. தரையில் ஒரு குறித்த புள்ளியிலிருந்து மட்டும் ஒளி திரும்ப வேண்டுமாயின் அங்கே மூலைக் கண்ணாடி வைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் இறொபேட்டு டிக் என்னும் பௌதிக அறிஞரைச் சூழ்ந்திருந்த குழுவினரிடையே வளர்ந்தது. அக்குழுவில் மாணவராயிருந்த யேம்சு பாலர், பின்னர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கரோல் அலி முதலியோர் அதனைச் செயலாக்கினர். 1969 யூலையில் அப்பலோ 11 இற் சென்றோர் அமைதிக் கடல் எனப்படுஞ் சமவெளியில் வைத்து வந்த தட்டு, ஏறத்தாழ 46 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரம். அதில் 100 அரியங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஓகஸ்ட் முதலாந் திகதி கலிபோணியாவிலுள்ள இலிக் வானாராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து முதன்முதலாக ஒளியை மீளப் பெற்றனர். அப்பலோ 14 அதுபோன்ற ஒன்றையும், அப்பலோ 15 முந்நூறு அரியங்கள் கொண்ட பெருந்தட்டு ஒன்றையும் வைத்தன.

மீளப் பெற்றனர் என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டோம். அதன் அருமையை எண்களாலன்றி உணர்த்தவியலாது. சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஒளி சென்று மீள இரண்டரைச் செக்கன் ஆகும். பெரிய தொலைகாட்டி ஒன்றினூடாக மெல்லிய கோடுபோற் புறப்படும் இலேசர் ஒளி, நமது காற்றுமண்டலத்தின் அலைவினால் விரிந்து, சந்திரனை அடையும்போது ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் அகலமாகிவிடுகின்றது. அவ்வகலத்துள் முழம் அளவேயான கண்ணாடியின் மேற் படும் ஒளி எத்துணைச் சிறிது! அதுவும் திரும்பும் வழியில் மறுபடி விரிந்து, பூமியை அடையும்போது பதினைந்து கிலோமீற்றர் அளவிற் பரவிவிடும். அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோவிலுள்ள அப்பாச்சி பொயின்ற் நிலையத்தின் மூன்றரை மீற்றர்த் தொலைகாட்டி, ஒவ்வொரு துடிப்பிலும் ஆயிரங் கோடி கோடிக்கு மேற்பட்ட ஒளித்துகள்களை அனுப்புகின்றது. திரும்பிக் கைக்கெட்டுவன ஒன்றோ இரண்டோ. அவ்வொன்றிரண்டும் வந்து சேர்ந்த கணத்தைக் குறித்துக்கொண்டே, சந்திரனின் தொலைவைச் சில மில்லிமீற்றருக்குள் அறிஞர் இன்று அளந்துவிடுகின்றனர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு தலைமயிரின் பருமனிலும் குறைந்த வழுவுடன் அளப்பதை ஒக்கும் இது.

ஈண்டுக் கூட்டுறவின் முதற் படியைக் காண்கின்றோம். கண்ணாடியை வைத்தவர் அமெரிக்கர். ஆயின், கண்ணாடி தன்னை நோக்கி வரும் ஒளியின் நாட்டை வினவுவதில்லை. போதிய தொலைகாட்டியும் இலேசர் விளக்கும் உடையோர் எவரும் அதனைப் பயன்படுத்தலாம். பிரான்சில் கிறாசு நகர்க்கு அண்மையிலுள்ள நிலையமும், இத்தாலியின் மட்டேறா நிலையமும், சேர்மனியின் வெற்செல் நிலையமும் அவ்வாறே பயன்படுத்தி வருகின்றன. அந்நிலையங்கள் தம் அளவீடுகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வதில்லை. 1998 இல் அமைந்த பன்னாட்டு இலேசர் அளவைச் சேவையிடம் ஒப்படைக்க, உலகில் எங்குள்ள ஆய்வாளரும் அவற்றை எடுத்துக் கணிக்கலாம். ஒரு நிலையத்தில் மழைமுகில் மூடியிருக்கும்போது மற்றொன்றில் வானம் தெளிந்திருக்கும். ஒரு நிலையத்தின் கருவியிற் கண்ணுக்குத் தெரியாத வழு இருந்தால் மற்றொன்றின் அளவீடு அதனைக் காட்டிக் கொடுக்கும். இவ்வேலை தனி நாடொன்றின் பெருமைக்காக நடப்பதாயின் இத்தனை திருத்தமாக நடந்திராது.

இவ்வரலாற்றில் எம்மை மிகவுங் கவர்ந்த பகுதி இனி வருவது. 1966 யூன் மாதத்திற் பிரெஞ்சு சனாதிபதி தெகோல் மொஸ்கோ சென்றபோது இரு நாடுகளும் விண்வெளி ஆராய்ச்சியிற் கூட்டுறவுகொள்ள உடன்பட்டன. அவ்வுடன்பாட்டின் வழியே பிரான்சில் மூலைக் கண்ணாடிகள் ஆக்கப்பட்டு, சோவியத்து நாட்டின் லுனக்கோட்டு என்னும் ஊர்திகள் இரண்டிலும் பொருத்தப்பட்டன. 1970 நவம்பர் 17 ஆந் திகதி மழைக்கடல் எனப்படும் பரந்த சமவெளியில் இறங்கிய லுனக்கோட்டு 1, எட்டுச் சில்லுகள் கொண்ட ஒரு விந்தை வண்டி. மூடி திறந்த பெரிய பாத்திரம் ஒன்று சில்லுகளின் மேல் நகர்வதாக அதன் படத்தைப் பார்ப்போர் எண்ணுவர். வேறோர் உலகத்தின் தரையில், பூமியிலிருந்து வானொலியாற் செலுத்தப்பட்டு ஓடிய முதல் வண்டி அதுவே. அதன் முன்புறத்தில் பதினான்கு அரியங்கள் கொண்ட பிரெஞ்சுக் கண்ணாடி இருந்தது. டிசெம்பர் மாதத்தில் பிரெஞ்சு அறிஞர் அதிலிருந்து ஒளியை மீளப் பெற்றனர். சோவியத்து அறிஞரும் பெற்றனர். வண்டி ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடி, 1971 செப்டெம்பரில் ஓய்ந்தது.

அதன் பின்னர் அக்கண்ணாடி தொலைந்தது. களவு போகவில்லை, உடையவுமில்லை. அது நிற்குமிடம் திட்டமாகத் தெரியாமற் போயிற்று, அவ்வளவே. இலேசர் ஒளி இரண்டு கிலோமீற்றர் அகலத்தையே தழுவும் என மேலே கூறினோம். மேலும், திரும்பும் ஒன்றிரண்டு துகள்களைப் பிற ஒளியினின்று பிரித்தறிய, அவை வருங் கணத்தை முன்னரே ஏறத்தாழ அறிந்து, அக்கணத்தில் மட்டுமே கருவியின் கதவைத் திறத்தல் வேண்டும். குறித்த இடம் சில கிலோமீற்றர் பிழைத்தால் ஒளியும் தவறும், கணமும் தவறும். ஆண்டுக்காண்டு முயன்றோர் வெறுங்கையுடன் மீண்டனர். 1973 இற் சென்ற லுனக்கோட்டு 2 இன் கண்ணாடி மட்டும் ஒழுங்காக ஒளியைத் தந்துகொண்டிருந்தது. மூத்தது எங்கேயோ ஒரு பள்ளத்திற் கவிழ்ந்திருக்கும் என்றே பலர் எண்ணினர்.

2009 இல் அமெரிக்கா ஏவிய சந்திர வலச் செய்மதி ஒன்று தரையை நுணுக்கமாகப் படம் பிடித்து வந்தது. அப்படங்கள் எல்லாரும் பார்க்குமாறு வெளியிடப்பட்டன. 2010 மார்ச்சில் உருசிய ஆய்வாளர் ஒருவர் அப்படமொன்றில், வண்டியின் தடத்தையும் அத்தடத்தின் முடிவில் நின்ற சிறு புள்ளியையும் இனங்கண்டார். அதுகாறும் தேடிய இடத்திலிருந்து அது சில கிலோமீற்றர் அப்பால் இருந்தது. ஏப்ரில் 22 ஆந் திகதி அப்பாச்சி பொயின்ற் நிலையத்தில் தொம் மர்பி என்பாரின் தலைமையிலுள்ள குழுவினர் அவ்விடத்தை நோக்கி ஒளியைச் செலுத்தினர். முதல் முயற்சியிலேயே ஏறத்தாழ 2,000 ஒளித்துகள்கள் திரும்பின. தம்பியாகிய லுனக்கோட்டு 2 பல ஆண்டு முயற்சியில் அக்குழுவினர்க்குத் தந்த மிகச் சிறந்த விடை 750 துகள்களே. நாற்பதாண்டுக் காலம் இருளிலும் வெயிலிலுங் கிடந்த பின்னரும் மூத்ததே தெளிந்த விடையைத் தந்தது.

இதனைச் சற்று நின்று நோக்குதல் தகும். பிரான்சிற் செய்த கண்ணாடி, சோவியத்து வண்டி, அமெரிக்கச் செய்மதி பிடித்த படம், உருசியர் ஒருவரின் கண், மறுபடி அமெரிக்கத் தொலைகாட்டி. இவற்றுள் ஒன்று குறையினும் அக்கண்ணாடி இன்றும் தொலைந்ததாகவே இருந்திருக்கும். இத்தனைக்கும் இவர்கள் எல்லாரும் அமர்ந்து வகுத்த பெருந்திட்டம் எதுவும் இருக்கவில்லை. கண்ணாடியைச் செய்வித்த அரசும் அனுப்பிய அரசும் மாறிவிட்டன; அனுப்பிய நாடே 1991 இற் பல நாடுகளாகப் பிரிந்துவிட்டது. சோவியத்து நாடு பிரிந்தபின் 1993 இல் லுனக்கோட்டு 2, சந்திரனில் நின்றபடியே, நியூயோர்க்கில் ஏலங்கூறி விற்கப்பட்டது என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றோம். வாங்கியவருக்கு வண்டி உரியது. அது நிற்குந் தரையோ உடன்படிக்கையின்படி எவருக்கும் உரியதன்று! அவர் வாங்கிய வண்டியின் கண்ணாடியை அறிஞர் இன்றும் எவரிடமும் இசைவு கேளாது பயன்படுத்தி வருகின்றனர்.

இத்தனை பாடுபட்டுத் தொலைவை அளப்பதால் விளைந்ததென்ன என அன்பர் வினவலாம். சந்திரன் ஆண்டொன்றுக்கு 3.8 சென்ரிமீற்றர் வீதம் நம்மைவிட்டு விலகிச் செல்கின்றது என்பது இவ்வளவீடுகளாலேயே திட்டமாகத் துணியப்பட்டது. கடலில் வற்றுப் பெருக்கை உண்டாக்குஞ் சந்திரன், அதனால் பூமியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றது. பூமி இழக்குஞ் சுழல்விசை சந்திரனைச் சேர்ந்து அதனை வெளியே தள்ளுகின்றது. நமது நாட்பொழுது யுகக்கணக்கில் நீண்டு வருவதும் இதனாலேயே. சந்திரனின் உள்ளே உருகிய நிலையிலுள்ள கருவொன்று உண்டு என்பதற்கும், அதன் சுழற்சியிற் காணும் நுண்ணிய நடுக்கத்தை இக்கண்ணாடிகள் காட்டியமையால் வலிய சான்று கிடைத்தது. பாரமான பொருளும் இலேசான பொருளும் ஒரே வேகத்தில் வீழும் எனக் கலிலியோ கூறியதை, பூமியும் சந்திரனும் சூரியனை நோக்கி ‘வீழும்’ முறையிற் சோதித்து, பத்து இலட்சங் கோடியில் ஒரு பங்கு அளவுக்கும் வேற்றுமை காணப்படவில்லை எனக் காட்டியுள்ளனர். ஐன்ஸ்ரைனின் ஈர்ப்புக் கொள்கைக்கு இது பெருந் துணை.

கண்ணாடிகளுக்கும் முதுமை உண்டு. அப்பலோத் தட்டுகள் தரவேண்டிய ஒளியிற் பத்திலொரு பங்கையே இப்போது தருகின்றன. அவற்றின் மேற் படிந்த சந்திரத் தூசியே காரணம் என்பர். அதிலும் பூரணையை ஒட்டிய நாள்களில் ஒளி மேலும் பத்திலொன்றாகக் குறைகின்றது. வெயில் நேரே விழும் அந்நாளில் தூசி சூடேறி அரியங்களைச் சீர்குலைக்கின்றது எனக் கருதிய மர்பி குழுவினர், 2010 டிசெம்பர் 21 ஆந் திகதிச் சந்திர கிரகணத்தின்போது உற்று நோக்கினர். பூமியின் நிழல் வெயிலை மறைத்ததும் ஒளி வலுத்தது. பூரணை தினத்தில் எமது நாட்டுக் கந்தோர்கள் மூடப்படுவதை அறிந்துதான் அவையும் ஓய்வெடுக்கின்றன போலும்!

கண்ணாடியைப் போன்றே அமைதியாக நடந்த கூட்டுறவுகள் வேறுஞ் சில உள. அப்பலோ 11 இற் சென்றோர் தம் நாட்டுக் கொடியை நாட்டுமுன்னரே சுவிற்சலாந்தின் பேண் பல்கலைக்கழகத்தார் கொடுத்தனுப்பிய அலுமினியத் தாளை விரித்தனர். சூரியனிலிருந்து வீசும் துகள்களை 77 நிமிடம் அது ஏந்திற்று. 1971 யூனில், லுனா 16 கொணர்ந்த மண்ணில் மூன்று கிராமும் அப்பலோ மண்ணிற் சில கிராமும் இரு வல்லரசுகளுக்கிடையே கைமாறின. உப்புச் சிட்டிகை அளவே எனினும், போட்டியின் நடுவே நடந்த பண்டமாற்று அது. அப்பலோ மண்ணில் உயிர்க்கு அடிப்படையான சேதனப் பொருள்கள் உளவோ என ஆராய்ந்தோருள் முன்னின்றவர் காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, அமெரிக்க விண்வெளி நிலையத்திற் கடமையாற்றிய சிறில் பொன்னம்பெரும அவர்கள் என்பதை எம் நாட்டு மாணவர் மறத்தலாகாது. இந்தியா 2008 இல் அனுப்பிய சந்திரயான் 1 இன் பதினொரு கருவிகளில் ஆறு பிற நாட்டார் தந்தவை. அவற்றுள் அமெரிக்கக் கருவியொன்றே சந்திரத் தரையில் நீரின் கூறுகள் உள என்பதை 2009 இல் வெளிப்படுத்திற்று.

அந்நீரே இன்றைய சிக்கலுக்கும் காரணம். சந்திரனின் தென்துருவத்தில் வெயிலே காணாத பள்ளங்களில் உறைந்த நீர் உண்டு எனத் தெரிந்த பின்னர், நாடுகளின் நோக்கெல்லாம் அங்கேயே சென்றுவிட்டது. 2011 இல் இயற்றிய சட்டத்தால் அமெரிக்க விண்வெளி நிறுவனம், காங்கிரசின் இசைவின்றிச் சீனத்துடன் இருதரப்புக் கூட்டுறவு கொள்ளலாகாது எனத் தடுக்கப்பட்டது. 1963 ஆம் ஆண்டு விதியை நினைந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 2020 ஒக்டோபரில் அமெரிக்கா முதலாய எட்டு நாடுகள் ஆட்டெமிசு உடன்பாடுகளில் ஒப்பமிட்டன. பின்னர் இந்தியா உட்பட ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அவற்றிற் சேர்ந்தன. 2021 மார்ச்சிற் சீனமும் உருசியாவும் தம் கூட்டு நிலையமொன்றைச் சந்திரனில் அமைக்க உடன்பட்டன. இவ்வாறு கூட்டுறவே இரு பாசறைகளாகப் பிரிந்துள்ளது. ஆட்டெமிசு உடன்பாடுகள் சந்திரனில் வேலை செய்வோர் தம்மைச் சூழப் ‘பாதுகாப்பு வலயம்’ வகுக்கலாம் என்கின்றன. ஒருவர் இறங்கும்போது எழுந்து பறக்கும் புழுதியும் கல்லும் அயலிலுள்ளார் கருவிகளைச் சிதைக்குமாதலின் இதற்கு நியாயம் உண்டு. வலயம் நாளடைவில் வேலியாகிவிடும் என்னும் அச்சத்திற்கும் நியாயம் உண்டு. காணிக்கு வேலியடைத்தலும் எல்லைக்கு வழக்காடுதலும் இன்னவை என யாழ்ப்பாணத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. சந்திரனின் இயற்கை வளங்கள் மனித குலத்தின் பொதுச் சொத்து என உரைக்கும் 1979 ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, அமெரிக்கா, உருசியா, சீனம் மூன்றும் சேராமையாற் பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கின்றது. இந்தியா அதிற் கையொப்பமிட்டும் உறுதிப்படுத்தவில்லை.

இவ்விடத்திற் கண்ணாடியின் பெருமைக்கு ஒரு வரம்பு உண்டென்பதையும் ஒளிக்காது கூறல் வேண்டும். கண்ணாடியைப் பத்து நாடுகள் பயன்படுத்தினும் அது தேய்வதில்லை. ஒருவர் பெறும் ஒளியால் மற்றவர்க்கு ஒரு துகளுங் குறைவதில்லை. பனிக்கட்டியோ அத்தகையதன்று. ஒருவர் அகழ்ந்தெடுத்துப் பருகினால், அல்லது ஏவுகலத்துக்கு எரிபொருளாக்கினால், மற்றவர்க்கு அது இல்லை. அன்றியும், தென்துருவத்திற் பெரும்பொழுதும் வெயில் படும் மேடுகள் சிலவே. முதலில் வந்தவன் தன் மின்கலத் தட்டுகளை அங்கே நிறுத்திவிட்டால் பின்வருவோன் எங்கே நிறுத்துவது? ஆகவே, கண்ணாடியில் இயல்பாகக் கைகூடியது நீரிலும் இயல்பாகவே கைகூடும் என நம்பியிருத்தல் பேதைமையாகும் என்பது எமது துணிபு. அதற்கு எழுத்தாலாய விதி வேண்டும். அவ்விதியை ஆக்கும்போது இரு பாசறையினரும் ஒரே மேசையில் இருத்தலும் வேண்டும். அத்தகைய மேசை ஐக்கிய நாடுகளின் விண்வெளிக் குழுவில் 1959 தொடக்கம் இருந்தே வருகின்றது.

ஆயினும் கதவுகள் முற்றாக மூடப்படவில்லை. 2019 சனவரியிற் சீனத்தின் சாங்கே 4 சந்திரனின் மறுபுறத்தில் இறங்கியபோது, காங்கிரசின் இசைவைப் பெற்று அமெரிக்கச் செய்மதி அவ்விடத்தைக் கவனிக்க இரு நாடுகளும் செய்திகளைப் பரிமாறின. சாங்கே 5 கொணர்ந்த மண்ணை ஆறு நாடுகளிலுள்ள ஏழு நிறுவனங்களுக்கு இரவலாகத் தரச் சீனம் 2025 ஏப்ரிலில் இசைந்தது. அவற்றுள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் உள. 2023 ஓகஸ்ட் 23 ஆந் திகதி இறங்கிய இந்தியாவின் சந்திரயான் 3, எட்டுச் சிற்றரியங்கள் பதித்த, ஐந்து சென்ரிமீற்றர் அகலமான அமெரிக்கக் கண்ணாடி ஒன்றைத் தாங்கிச் சென்றது. அது பூமியிலிருந்து எட்டமுடியாதவாறு சிறியது. சந்திரனைச் சுற்றுங் கலங்களுக்கென அமைந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 12 ஆந் திகதி அமெரிக்கச் செய்மதி நூறு கிலோமீற்றர் தொலைவிலிருந்து செலுத்திய ஒளிக்கு அது விடை கொடுத்தது. 2024 யூனில் மறுபுறத்தில் இறங்கிய சாங்கே 6 இல் இத்தாலியர் தந்த கண்ணாடியும், பிரெஞ்சுக் கருவியொன்றும், சுவீடன் நாட்டார் ஆக்கிய கருவியொன்றும் இருந்தன. அப்புறம் என்றும் பூமியை நோக்காதாதலின், அக்கண்ணாடிக்கும் சந்திரனைச் சுற்றுங் கலமே ஒளி செலுத்தவல்லது.

பூமியிலிருந்து அளத்தற்குரிய புதிய கண்ணாடி 2025 மார்ச் 2 ஆந் திகதி சந்திரனை அடைந்தது. அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கலத்திற் சென்ற அதனை ஆக்கியோர், முதற் கண்ணாடிக்கு உழைத்த அதே மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தினர். நூறு சிற்றரியங்களுக்குப் பதிலாகப் பத்துச் சென்ரிமீற்றர் அகலமான அரியம் ஒன்றே அதிலுண்டு. பல அரியங்கள் கொண்ட தட்டு சற்றே சாய்ந்தாலும் ஒளி வெவ்வேறு கணத்தில் திரும்பி அளவீட்டை மழுங்கச் செய்யும். ஒற்றை அரியத்தில் அக்குறை இல்லை. பூமியிலுள்ள இரு நிலையங்கள் அதிலிருந்து ஒளியை மீளப் பெற்றன. அக்கலம் மார்ச் 16 ஆந் திகதி, சந்திரனில் இரவு தொடங்கியதும், மின்வலு அற்று ஓய்ந்துவிட்டது. அதன் மேற்றட்டிலுள்ள கண்ணாடிக்கு மின்வலு வேண்டுவதில்லை. அடுத்த பகல் புலர்ந்தாலும் புலராவிட்டாலும், எந்நாட்டு நிலையமும் அதன்மேல் ஒளியைச் செலுத்தலாம்.